மூக்குத் தண்டு வளைந்திருந்தால் சைனஸா?

"எனக்கு சைனஸ் இருக்கு டாக்டர்!" - இப்படிச் சொல்லாத வீடு உண்டா? உண்மையில் சைனஸ் எல்லோருக்குமே உண்டு. நெற்றியிலும் கன்னத்திலும் கண்களுக்கு நடுவிலும் இருக்கும் காற்றறைகளுக்குத்தான் அந்தப் பெயர். சளி வடியும் வாசல் அடைபட்டு, உள்ளே அழற்சி வந்தால்தான் தொல்லை.

அந்தச் சின்ன வாசலின் அருமை, தூத்துக்குடியில் சங்கு குளிக்கிறவர்களுக்கு நன்றாகத் தெரியும். 10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் இரண்டு மடங்கு. ஜலதோஷத்தோடு முங்கினால் நெற்றி விண்விண்ணென்று தெறிக்கும். மூக்கில் ரத்தம்கூட வரும்.

ஆடிக் காற்றில் தேரி மணல் பறக்கும் சாத்தான்குளம் பக்கத்தில் மூக்கடைப்புக்குக் கேட்கவா வேண்டும்? ஸ்கேன் எடுத்தால் 'தண்டு வளைந்திருக்கிறது' என்று ரிப்போர்ட் வரும். உடனே பயந்துடாதீங்க! நூல் பிடித்தாற்போல் நேரான தண்டு அபூர்வம். நடு மடலுக்குள் காற்றுப்பை, கண்குழிக்கு அடியில் 'ஹாலர் அறை' (18-ம் நூற்றாண்டு சுவிஸ் மருத்துவர் ஹாலரின் பெயர்) - இதெல்லாம் சைனஸ் தொல்லையே இல்லாதவர்களிடமும் சகஜம். படத்தை மட்டும் பார்த்து ஆபரேஷனுக்குத் தலையாட்டாதீர்கள். வளைவு வாசலையே அடைத்து, 12 வாரத்துக்கு மேல் தொல்லை நீடித்து, மருந்துக்கும் மசியாவிட்டால் எண்டோஸ்கோப் சிகிச்சை பற்றி யோசிக்கலாம்.

ஒரு பக்கம் மட்டும் நாற்றத்தோடு சளி வருகிறதா? மேல் கடைவாய்ப் பல்லையும் காட்டுங்கள். சொத்தையின் வேலையாக இருக்கலாம். உப்பு நீரில் மூக்கைக் கழுவுவதானால் கொதிக்க வைத்து ஆறிய தண்ணீர்தான். அடைப்பு நீக்கும் சொட்டு மருந்தை நாலைந்து நாளுக்கு மேல் விடாதீர்கள், அடைப்பு கூடிவிடும்.

கண் இமை வீங்கினாலோ, பார்வை இரண்டாகத் தெரிந்தாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.