ஊர் மனு கோட்டை வரை போக வேண்டுமா?

1937 அக்டோபர் 1 அன்று சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கு நடைமுறைக்கு வந்தது. சென்னை மாகாணத்திலேயே முதலில் வந்தது இங்கேதான். நாமக்கல்லும் அப்போது சேலம் மாவட்டத்துக்குள் இருந்தது. சென்னையில் போட்ட சட்டம் நம் தெருவுக்கு எப்படி வந்து சேரும் என்பதை அன்றே பார்த்துவிட்டோம். நம் தெருவின் குறை சென்னைக்குப் போய்ச் சேரும் வழிதான் இன்னும் பலருக்குத் தெரியவில்லை.

பேரவையின் அமைப்பு

1986-இல் மேலவை கலைக்கப்பட்ட பிறகு தமிழ்நாட்டுக்குச் சட்டமன்றப் பேரவை ஒன்றுதான். அதன் 234 உறுப்பினர்களில் சேலம் மாவட்டத்துக்கு 11 பேர், நாமக்கல்லுக்கு 6 பேர். கேள்வி நேரத்தில் அமைச்சரைக் கேட்பதும், துறைவாரியாக மானியக் கோரிக்கை வரும்போது தொகுதியின் தேவையைச் சொல்வதும் இவர்கள் வேலை.

பேரவைக்குள் குழுக்களும் உண்டு. அரசு செலவழித்த பணத்தைப் பொதுக் கணக்குக் குழு ஆராய்கிறது. அமைச்சர் அவையில் கொடுத்த வாக்கு நிறைவேறியதா என்று அரசு உறுதிமொழிக் குழு பார்க்கிறது. பொதுமக்கள் நேராக எழுதக்கூடிய இடம் மனுக்கள் குழு.

மனு எப்படி இருக்க வேண்டும்?

மழைக்காலத்தில் திருமணிமுத்தாறு பெருகினால் தரைப்பாலம் மூழ்கி, பிள்ளைகள் பள்ளிக்குப் போக முடியாத ஓர் ஊர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். பல ஆண்டுகளாகத் தீராத இத்தகைய பொதுப் பிரச்சினைதான் மனுக்கள் குழுவுக்கு உரியது.

ஒரு மனுவில் ஒரே பிரச்சினை, ஒரே துறை. பாலத்தோடு ரேஷன் கடையையும் சேர்த்து எழுதாதீர்கள். தமிழில் எழுதி, தேதியிட்டு, கையொப்பமிட்டு, ஐந்து நகல்களுடன் ‘தலைவர், மனுக்கள் குழு, தமிழ்நாடு சட்டமன்றப் பேரவை, சென்னை 600 009’ என்ற முகவரிக்கு அனுப்பலாம். மனுக்கள் குழு மாவட்டத்துக்கு ஆய்வுக்கு வருமுன் மாவட்ட நிர்வாகம் மனுக்கள் கோரி அறிவிப்பு வெளியிடும். செய்தித்தாளில் அதைக் கவனியுங்கள்.

கிராம சபைத் தீர்மான நகலை இணைத்தால் ஊரே கேட்கிறது என்பதற்குச் சான்று கிடைக்கும். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு நாள்களில் கிராம சபை கூடுகிறது.

எங்கே ஏமாறுகிறோம்?

பட்டா, முதியோர் ஓய்வூதியம், வேலை, வங்கிக் கடன் ஆகியவற்றை மனுக்கள் குழு எடுத்துக்கொள்ளாது. நீதிமன்றத்தில் வழக்காக உள்ளதும் அப்படியே. இது தெரியாமல் பதிலுக்குக் காத்திருந்து மாதங்களை இழப்பவர்கள் உண்டு. பட்டா, ஓய்வூதியக் குறைகளுக்கு ஆட்சியர் அலுவலகத்தில் திங்கள்தோறும் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாள் இருக்கிறது.

“கோட்டையில் ஆள் தெரியும், முடித்துத் தருகிறேன்” என்று பணம் கேட்பவரை நம்பாதீர்கள். மனுவுக்குக் கட்டணம் கிடையாது.

பதில் வராவிட்டால்?

மனுவைப் பதிவுத் தபாலில் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். பிறகு, தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005-இன் கீழ், உரிய துறையின் பொதுத் தகவல் அலுவலரிடம் மனு எந்த நிலையில் உள்ளது என்று 10 ரூபாய் கட்டணத்தில் கேட்கலாம். 30 நாளில் பதில் தர வேண்டும். தராவிட்டால் மேல்முறையீடு செய்யலாம். உங்கள் தொகுதி உறுப்பினரிடமும் ஒரு நகல் கொடுத்து, அவையில் கேள்வியாக எழுப்பக் கேளுங்கள். “பாலம் கட்டித் தரப்படும்” என்று அமைச்சர் அவையில் சொன்னால் அந்தத் தேதியைக் குறித்து வையுங்கள். அவையில் சொன்ன சொல் பதிவாகிவிடும்; அதைக் காட்டிக் கேட்க ஊருக்கு உரிமை உண்டு.

வாக்குச்சாவடியில் விரலில் வைத்த மை சில வாரங்களில் அழிந்துவிடும். நாம் தேர்ந்தெடுத்தவரிடம் கேட்கும் உரிமை ஐந்தாண்டும் நம்மிடமே இருக்கிறது. அடுத்த கிராம சபையில் பாலத்துக்கான தீர்மானத்தைக் கொண்டுவந்து, நகலைக் கையோடு வாங்கி வாருங்கள்.