அட்டவணைகளின் காவலர்

வங்கியில் பணம் எடுக்கிறோம். இரயிலில் இடம் பதிவு செய்கிறோம். தேர்வு எண்ணைக் கொடுத்து மதிப்பெண்ணைப் பார்க்கிறோம். இவை அனைத்திற்கும் பின்னால், நம் கண்ணுக்குத் தெரியாத பதிவேட்டு அறை ஒன்று கணிப்பொறிக்குள் இருக்கிறது. அதற்குத் தரவுத்தளம் என்று பெயர். அதைப் பேணிக் காப்பவரே தரவுத்தள நிர்வாகி. அவருடைய பணி எத்தகையது எனக் காண்போம்.

1970ஆம் ஆண்டு, ஐ.பி.எம். நிறுவனத்தில் பணியாற்றிய எட்கர் காட் என்னும் அறிஞர், தகவல்களை எளிய அட்டவணைகளாக வைத்து அவற்றை ஒன்றோடொன்று தொடர்புபடுத்தலாம் என்று எழுதினார். ஒரு பள்ளியை எடுத்துக்கொள்வோம். மாணவியரின் பெயரும் முகவரியும் ஓர் அட்டவணையில். மதிப்பெண்கள் மற்றோர் அட்டவணையில். இரண்டையும் இணைப்பது சேர்க்கை எண். முகவரி மாறினால் ஓரிடத்தில் திருத்தினால் போதும். சேர்க்கை எண் இல்லாத ஒருத்திக்கு மதிப்பெண் பதிய முடியாதபடி விதி வகுத்துவிட்டால், கணிப்பொறியே அதனை மறுத்துவிடும்.

யாருக்கு எவ்வளவு உரிமை என்று வரையறுப்பது நிர்வாகியின் முதற் கடமை. ஆசிரியை மதிப்பெண்ணைப் பதியலாம். மாணவி தன் மதிப்பெண்ணைப் பார்க்கலாம், மாற்றலாகாது. அலுவலகத்தார் கட்டணக் கணக்கை மட்டும் கையாளலாம். உரிமை வழங்க 'கிராண்ட்' என்றும், திரும்பப் பெற 'ரிவோக்' என்றும் கட்டளைகள் உண்டு. இது ஒருவர்மேல் கொண்ட ஐயத்தால் அன்று. ஒருவருடைய கடவுச்சொல் களவு போனாலும், திருடன் அவருடைய எல்லைக்குள்ளேயே நின்றுவிடுவான் அல்லவா? பலர் ஒரே கடவுச்சொல்லைப் பயன்படுத்துவதும் கூடாது. அப்போது எந்த மாற்றத்தை யார் செய்தார் என்பதே தெரியாமற் போகும். பணியிலிருந்து விலகியவரின் உரிமையை அன்றே நீக்கிவிட வேண்டும்.

இரண்டாவது கடமை, நகல் எடுத்து வேறிடத்தில் வைப்பது. இங்கே ஓர் உண்மை நிகழ்ச்சியைக் கூறவேண்டும். கிட்லேப் என்பது மென்பொருள் எழுதுவோர் தம் படைப்புகளைச் சேமித்து வைக்கும் இணையதளம். 2017 ஜனவரி 31 அன்று, பழுது நீக்கிக்கொண்டிருந்த ஊழியர் ஒருவர், துணைக் கணிப்பொறியில் அழிக்க வேண்டியதை முதன்மைக் கணிப்பொறியில் அழித்துவிட்டார். ஓரிரு நொடிகளில் உணர்ந்து நிறுத்தினார். அதற்குள் ஏறத்தாழ 300 ஜிகாபைட் தகவல் மறைந்துவிட்டது. நகல்களைத் தேடினால், அன்றாடம் எடுக்கப்பட்டதாக எண்ணியிருந்த நகல் எடுக்கப்படவே இல்லை! அது தவறியதை அறிவிக்கும் மின்னஞ்சல்களும் அவர்களை வந்தடையவில்லை. சோதனைக்காக ஆறு மணி நேரத்திற்கு முன் எடுத்திருந்த நகல் ஒன்றே கைகொடுத்தது. இடைப்பட்ட ஆறு மணி நேரத்துப் பதிவுகள் மீளவில்லை. அந்நிறுவனம் நடந்ததை மறைக்காமல் உலகிற்கு அறிவித்தது பாராட்டத்தக்கது.

இதிலிருந்து நாம் அறிவது யாது? நகல் எடுத்தால் மட்டும் போதாது. அவ்வப்போது அதனை வேறொரு கணிப்பொறியில் ஏற்றி, எல்லாம் சரியாக வருகின்றனவா என்று பார்க்க வேண்டும். சோதித்துப் பார்க்காத நகலை நம்பியிருப்பது, ஓட்டைக் குடத்தை நம்பிக் கிணற்றைத் தூர்ப்பது போலாகும்.

ஓர் அட்டவணையின் ஒவ்வொரு வரிக்கும் பின்னால் ஒரு மனிதர் இருக்கிறார். ஒரு முதியவரின் ஓய்வூதியம், ஒரு நோயாளியின் இரத்தப் பிரிவு, ஒரு மாணவியின் ஓராண்டு உழைப்பு என யாவும் அவ்வரிகளில் அடங்கியுள்ளன. அவற்றை அளவான உரிமையாலும் சோதித்த நகலாலும் காப்பவர், நாம் முகம் பார்த்தறியாத நல்ல காவலர் அன்றோ!

— பத்தாம் வகுப்பு, 'ஆ' பிரிவு