மாணவரின் வாரமும் நேரசூசியும்: சில சிந்தனைகள்

தவணை தொடங்கும்போது மாணவர் தயாரித்துச் சுவரில் ஒட்டும் நேரசூசி பெரும்பாலும் இரண்டாவது வாரத்திலேயே கைவிடப்பட்டுவிடுகின்றது. இதற்கு மாணவரின் மனவுறுதியின்மையே காரணம் எனப் பெற்றோர் கருதுவர், ஆசிரியருங் கருதுவர், நாளடைவில் மாணவரும் அவ்வாறே நம்பிவிடுவர். நேர முகாமைத்துவம் பற்றிய வழிகாட்டி நூல்கள் பலவும் இந்நம்பிக்கையின் மீதே எழுந்தவை. நேரம் எல்லோருக்குஞ் சமமாக அளிக்கப்பட்ட செல்வமென்றும், அதனைக் கையாளும் திறமையிலேயே வேறுபாடு உண்டென்றும் அவை கூறும். இக்கூற்று ஆராய்தற்குரியது. ஒரு வாரத்தில் 168 மணித்தியாலம் எவர்க்கும் உண்டென்பது உண்மையே. ஆனால் அவற்றுள் எத்தனை மணித்தியாலம் மாணவருடைய சொந்தப் பொறுப்பில் உள்ளன என்பது வேறொரு வினா.

நாள் என்பது பூமியின் சுழற்சியாலும், மாதம் சந்திரனின் இயக்கத்தாலும் அமைந்தன. வாரத்திற்கோ அத்தகைய இயற்கை அடிப்படை எதுவுமில்லை; அது சமூகம் வகுத்துக்கொண்ட ஒழுங்கு. இலங்கையர் இதனை அனுபவவாயிலாக அறிந்தவர்கள். 1966 ஆம் ஆண்டு முதல் 1971 ஆம் ஆண்டு வரை சனி, ஞாயிறு விடுமுறைகளுக்குப் பதிலாகப் போயா தினமும் அதற்கு முந்திய தினமும் வார விடுமுறைகளாக இருந்தன. சந்திரனின் கால்வட்டம் ஏழு நாட்களிலுஞ் சற்று நீண்டதாகையால் ‘வாரம்’ சிலவேளைகளில் எட்டு நாட்களாக நீண்டது. பிற உலகுடனான வணிகத் தொடர்புகள் இவ்வேற்பாட்டினால் இடர்ப்பட்டன. 1971 இற் பழைய முறையே மீண்டது. வாரத்தை வகுப்பவர் யார், எவருடைய தேவைக்காக அது வகுக்கப்படுகின்றது என்னும் வினாக்களை இவ்வைந்தாண்டு அனுபவம் தெளிவாகவே எழுப்பியது எனலாம்.

ஆங்கில வரலாற்றாசிரியர் ஈ. பி. தொம்சன் 1967 இல் வெளியிட்ட புகழ்பெற்ற கட்டுரையொன்றில், கைத்தொழில் முதலாளித்துவம் மக்களின் காலவுணர்வையே மாற்றியமைத்த விதத்தை விளக்கினார். செய்யவேண்டிய வேலையைக் கொண்டு பொழுதை அளந்தவர்கள், மணிக்கூட்டைக் கொண்டு வேலையை அளக்கப் பழக்கப்பட்டனர். அப்பழக்கத்தை ஊட்டியவற்றுள் பாடசாலையும் ஒன்று. மலையகத் தோட்டங்களில் விடியுமுன் பிரட்டுக்களத்திற்குத் தொழிலாளரை அழைத்த தப்பொலியையும், பாடசாலை மணியையும் ஒருங்கு வைத்து நோக்குவோர்க்கு இக்கருத்தை விரித்துரைக்க வேண்டியதில்லை. ஆயினும், நேர ஒழுங்கு முதலாளித்துவத்தின் கருவியெனக் கூறி அதனை முற்றாக ஒதுக்குவதும் பொருந்தாது. எட்டு மணிநேர வேலைநாளுக்காகப் போராடிய தொழிலாளர் அம்மணிக்கூட்டையே தமது ஆயுதமாகவுங் கொண்டனர். மாணவரும் அவ்வாறு செய்யலாம்.

உயர்தர வகுப்பு மாணவரொருவரின் வாரத்தை உதாரணமாகக் கணக்கிடுவோம். பதின்மூன்று முதல் பதினெட்டு வயதுவரையுள்ளோர்க்கு நாளொன்றுக்கு எட்டு முதல் பத்து மணிநேர உறக்கம் வேண்டுமென்பது மருத்துவர் கருத்து. குறைந்த அளவைக் கொள்ளினும் வாரத்திற்கு 56 மணிநேரமாகும். காலை 7.30 முதல் பிற்பகல் 1.30 வரையான பாடசாலைக்கு 30. போக்குவரத்துக்கு நாளொன்றுக்கு ஒன்றரை மணிநேரமெனின் 7½. உணவு, குளிப்பு முதலியவற்றுக்கு நாளுக்கு இரண்டரை மணிநேரமாக 17½. இவை 111 மணிநேரமாகின்றன, எஞ்சுவன 57. மாலைகளில் இரண்டு மணிநேரமும் வார இறுதியில் எட்டு மணிநேரமும் ரியூசன் வகுப்புக்களாயின் மேலும் 18 கழியும். எஞ்சும் 39 மணிநேரத்தில் வீட்டுவேலை நாளுக்கு அரைமணிநேரமே உள்ள மகனுக்கு 35½ மணிநேரம் மிஞ்சும். மூன்று மணிநேரம் உள்ள மகளுக்கு 18 மணிநேரமே மிஞ்சும். ஒரே கூரையின் கீழ், ஒரே பரீட்சைக்குத் தோற்றும் இருவருக்கிடையே இவ்வளவு வேறுபாடு! தாயுந் தந்தையும் கொழுந்தெடுக்கச் சென்றபின் தம்பி தங்கையரைக் கவனித்து, தண்ணீர் சுமந்து, லயத்தின் ஒற்றை அறையிற் படிக்கவேண்டிய பிள்ளையின் கணக்கு இதனினுங் குறுகும். 1945 ஆம் ஆண்டு தொடக்கம் இந்நாட்டிற் கல்வி இலவசமாயிற்று; கற்பதற்கான ஓய்வு அவ்வாறு வழங்கப்படவில்லை.

புறச்சூழலின் தாக்கத்தையும் மறத்தலாகாது. தொண்ணூறுகளின் முற்பகுதியில் மின்சாரமற்றிருந்த யாழ்ப்பாணக் குடாநாட்டு மாணவர், ஜாம் போத்தலில் அமைத்த மண்ணெண்ணெய் விளக்கின் ஒளியிலேயே இரவிற் படித்தனர். எண்ணெயின் விலையே படிப்பின் எல்லையை வகுத்தது. 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணிநேரம்வரை மின்வெட்டு நீடித்தது. அவ்வாண்டு எரிபொருட் பற்றாக்குறையினால் பாடசாலைகள் வாரத்தில் மூன்று நாட்கள் மட்டும் நடைபெற்ற காலமும் உண்டு. இத்தகைய நாட்களில் மணிக்கணக்காக வரைந்த நேரசூசி சிதைந்தமைக்கு மாணவரைக் குறைகூறுதல் நியாயமன்று.

அங்ஙனமாயின் திட்டமிடுதல் எதற்கு? எஞ்சிய நேரம் குறைவாக இருப்போர்க்கே அது இன்றியமையாதது என்பதே விடை. அவர்களுக்கு உதவக்கூடிய உளவியல் முடிவுகள் சில உள்ளன. ஜேர்மானியரான எபிங்கௌஸ் தம்மையே பரிசோதனைப் பொருளாகக் கொண்டு 1885 இல் வெளியிட்ட ஆய்வு, ஒரே அமர்விற் செய்யும் மீள்பயிற்சியிலும் நாட்களிடையே பகிர்ந்து செய்யும் மீள்பயிற்சி நினைவிற் கூடுதலாக நிலைப்பதைக் காட்டியது. பின்வந்த ஆய்வுகள் இதனை மீண்டும் மீண்டும் உறுதிப்படுத்தியுள்ளன. ஞாயிறு மாலையில் மூன்று மணிநேரந் தொடர்ந்து இரசாயனம் படிப்பதிலும், அதனைத் திங்கள், புதன், சனி என மூன்றாகப் பிரித்துப் படிப்பது நன்று. புத்தகத்தை மூடிவைத்துத் தன்னைத்தானே வினவிக்கொள்வது, மீண்டும் மீண்டும் வாசிப்பதிலும் நீடித்த பயன் தருமென்பதை 2006 இல் ரோடிகர், கார்ப்பிக் ஆகிய இருவரின் பரிசோதனைகள் காட்டின. தண்ணீர்க் குழாயடியில் வரிசையில் நிற்கும்போதும், பேருந்திற் செல்லும்போதும் இதனைச் செய்யலாம். மேசையும் விளக்கும் வேண்டியதில்லை.

மற்றுமொரு முடிவு நேரசூசிகள் ஏன் முறிகின்றன என்பதை நேராகவே விளக்குகின்றது. ஒரு வேலைக்குத் தேவையான காலத்தை மனிதர் வழமையாகக் குறைத்தே மதிப்பிடுவர் என்பதைக் கானெமன், ற்வேர்ஸ்கி ஆகியோர் 1979 இல் எடுத்துக்காட்டினர். 1994 இல் வெளியான கனேடிய ஆய்வொன்றிற் பல்கலைக்கழக மாணவர் தம் ஆய்வேட்டை முடிக்கச் சராசரியாக 34 நாட்கள் போதுமென மதிப்பிட்டிருந்தனர். உண்மையிற் சென்றவை ஏறத்தாழ 55 நாட்கள். எல்லாம் பிழைத்துப்போனால் எவ்வளவு செல்லுமென அவர்களே கூறிய மதிப்பீடுங்கூட இதனிலுங் குறைவு. ஆகவே இது மனிதச் சிந்தனைக்கே உரிய இயல்பு; சோம்பலெனப் பெயரிடுவது தவறு.

எனவே மாணவர் முதல் வாரத்தில் எதையுந் திட்டமிடாது, பொழுது எவ்வாறு சென்றதென்பதை மட்டும் கொப்பியொன்றிற் குறித்துக்கொள்ளுதல் வேண்டும். கைத்தொலைபேசியிற் கழிந்ததையும் ஒளிக்காது எழுதவேண்டும். உண்மையில் எஞ்சும் மணித்தியாலங்கள் எவையென்பது அப்போதுதான் தெரியவரும். அடுத்த வாரத்திற்கான திட்டத்திற் பாடத்தின் பெயரை எழுதாது வேலையின் பெயரை எழுதவேண்டும். ‘கணிதம், ஆறு முதல் ஏழு’ என்பதிலும் ‘இருபடிச் சமன்பாட்டில் ஐந்து வினாக்கள்’ என்பது மேலானது; முடிந்ததா இல்லையா என்பது ஐயத்திற்கிடமின்றித் தெரியும். வாரத்தில் ஒரு மாலையேனும் வெறுமையாக விடப்படல் வேண்டும். மின்சாரம் நின்ற நாளும், வீட்டுக்கு விருந்தினர் வந்த நாளும் விட்டுச்சென்ற கடன் அந்த மாலையில் அடைக்கப்படும். நாட்திட்டத்திலும் வாரத்திட்டம் சிறந்தது என்பதற்குக் காரணம் இதுவே: ஒரு நாள் முறிந்தால் அத்திட்டமே முறிந்துவிடுவதில்லை. விளையாட்டையும், பாடத்திற்குப் புறம்பான வாசிப்பையும் மிச்சமிருந்தாற் பார்த்துக்கொள்ளலாம் என விட்டுவிடலாகாது. அவற்றுக்கும் பெயர்குறித்து இடம் ஒதுக்கப்படல் வேண்டும். இல்லையேல் ரியூசன் வகுப்பு அவ்விடத்தையும் விழுங்கிவிடும்.

வீட்டிலே மகளின் வேலையில் ஒரு பங்கை மகன் ஏற்பது, எந்த வழிகாட்டி நூலும் தராத நேரத்தை அவளுக்குத் தரும். மேற்காட்டிய உதாரணத்தில் நாளுக்கு ஒரு மணிநேர வேலை கைமாறினாற் கிடைப்பது வாரத்திற்கு ஏழு மணிநேரம்.

பாடசாலைக்கும் இதிற் கடமையுண்டு. சாதாரண தர மாணவர் ஒன்பது பாடங்களைக் கற்கின்றனர். ஒவ்வொரு பாடத்தின் ஆசிரியரும் மற்றையோர் கொடுத்ததை அறியாமலே வீட்டுவேலை கொடுக்கின்றார். ஒன்பதும் ஒரே இரவில் வந்து குவிவது மாணவரின் திட்டமிடற் குறையன்று. ஆசிரியர் ஓய்வறையில் வகுப்புக்கொரு தாள் தொங்கவிடப்பட்டு, எந்த ஒப்படை எந்நாளுக்குரியது என்பதை ஒவ்வொருவரும் அதிற் குறித்து, ஓரிரவுக்கு இரண்டுக்கு மேற்படாமற் பார்த்துக்கொள்ளலாம். இதற்குச் சுற்றறிக்கையும் வேண்டியதில்லை, நிதி ஒதுக்கீடும் வேண்டியதில்லை. ஒரு தாளும், திங்கட்கிழமை காலையில் ஐந்து நிமிடமும் போதும்.