எண் ஒன்றாக வந்தால் சரியாகிவிடுமா?

ஜுரு வட்டார மாணவர்களுக்கு நீர்ச் சோதனை என்றதும் நினைவுக்கு வருவது ஜுரு ஆறு. உயிர்வளி, அமோனியா, பி.எச். உள்ளிட்ட 6 அளவீடுகளைக் கொண்டே சுற்றுச்சூழல் துறை ஓர் ஆற்றின் தரத்தைக் கணக்கிடுகிறது. வீட்டுக் கண்ணாடித் தொட்டியில் பவளம் வளர்க்கும் இளைஞர்கள் செய்வதும் அதே வேலைதான். ஆனால், தொட்டியில் நீர் குறைவு. தவறான அளவை நம்பி எதையாவது கலந்தால், பல மாதங்கள் வளர்ந்த பவளம் சில நாள்களில் வெளிறிவிடலாம்.

முதலாம் படிவ அறிவியலில் 'கெஜித்துவான்', 'கெபெர்சிசான்' என்று படித்திருப்பீர்கள். முன்னது துல்லியம், பின்னது ஒரே அளவு மீண்டும் மீண்டும் கிடைப்பது. மூன்று முறை சோதித்து ஒரே எண் வந்தாலும் மூன்றும் தவறாக இருக்கலாம்!

உப்பளவை எடுத்துக்கொள்வோம். கடல்நீரில் ஒரு கிலோவுக்குச் சுமார் 35 கிராம் உப்பு உண்டு. ஒளிவிலகல்மானியை வெறும் நீரில் 0 காட்டும்படி சரிசெய்தால் போதாது. 35-இலும் அது சரியாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். காய்ச்சி வடித்த நீர் 96.35 கிராமில் தூய சோடியம் குளோரைடு 3.65 கிராம் கரைத்தால், அதன் ஒளிவிலகல் 35 அளவுள்ள கடல்நீருக்குச் சமம். கருவி அதில் 35 காட்டாவிட்டால் திருத்த வேண்டியது கருவியை, தொட்டியை அல்ல.

காரத்தன்மைச் சோதனையில் நிறம் மாறும்வரை சொட்டுகளை எண்ணுகிறோம். 5 மில்லிலிட்டர் நீருக்கு ஒரு சொட்டு ஒரு பாகை என்றால், 10 மில்லிலிட்டர் எடுங்கள். ஒரு சொட்டு அரைப் பாகையாகிவிடும், பிழையும் பாதியாகும். போத்தலைச் சாய்க்காமல் நேராகக் கவிழ்த்துப் பிடித்தால் சொட்டுகள் ஒரே அளவில் விழும்.

நைட்ரேட் சோதனையில் வேறு சிக்கல். சில போத்தல்களில் தூள் அடியில் படிந்துவிடும். நன்கு குலுக்காவிட்டால் அளவு குறைவாகத் தெரியும்; 'நீர் சுத்தம்' என்று ஏமாந்துபோவோம். எண் எதைக் குறிக்கிறது என்பதும் முக்கியம். சில பெட்டிகள் நைட்ரேட்டையும், சில அதிலுள்ள நைட்ரஜனை மட்டும் காட்டும். இரண்டுக்கும் இடையே சுமார் 4.4 மடங்கு வித்தியாசம்.

ஆகவே, காலாவதித் தேதியைப் பாருங்கள். ஒரே நேரத்தில், ஒரே வெளிச்சத்தில் சோதித்துக் குறித்து வையுங்கள். எண் திடீரென மாறினால் உடனே எதையும் ஊற்றாதீர்கள். முதலில் மறுபடி சோதியுங்கள், முடிந்தால் வேறொரு பெட்டியைக் கொண்டு. தொட்டியைச் சந்தேகிக்கும் முன் அளவைச் சந்தேகிப்பவரே நல்ல அறிவியல் மாணவர்.