செட்டிநாட்டு வீதியில் அபூர்வ மோட்டார்

கோயில் தேர் வந்தால் ஜனங்கள் வாசலுக்கு வருவார்கள். கல்யாண ஊர்வலம் வந்தாலும் வருவார்கள். இந்நாளில் செட்டிநாட்டு வீதிகளில் ஜனங்களை வாசலுக்கு இழுக்கும் சக்தி இன்னொன்றுக்கும் ஏற்பட்டிருக்கிறது. இளைஞர்கள் அதைச் 'சூப்பர் கார்' என்று அழைக்கிறார்கள். உலகத்திலே குறைந்த எண்ணிக்கையில் மட்டும் செய்யப்பட்டு, பெரும் விலைக்கு விற்கப்படும் அதிவேக மோட்டார் வண்டிக்கு அந்தப் பெயர். அத்தகைய வண்டி ஒன்று ஊருக்குள் நுழைந்துவிட்டால், அந்தச் செய்தி வண்டிக்கு முன்னாலேயே ஓடி அடுத்த ஊரை எட்டிவிடுகிறது.

அபூர்வப் பொருளைக் கண்டு வியப்பது செட்டிநாட்டுக்குப் புதிதன்று. பர்மாவிலும் மலேயாவிலும் இலங்கையிலும் தொழில் செய்த நகரத்தார், தாங்கள் கண்ட நல்ல பொருள்களை ஊருக்குக் கொண்டுவந்து சேர்த்தார்கள். பர்மாத் தேக்கும் இத்தாலியச் சலவைக்கல்லும் காரைக்குடிச் சுற்றுவட்டாரத்து வீடுகளில் இன்றும் பளபளக்கின்றன. மோட்டார் வண்டியும் அவ்வாறே வந்தது. காரைக்குடிக்காரரான ஏ.வி. மெய்யப்பச் செட்டியாரின் படமாகிய 'நாம் இருவர்' காரைக்குடியிலேயே படமாக்கப்பட்டு 1947-ஆம் வருஷத்தில் வெளிவந்தது. பிற்பாடு சென்னை வடபழனியில் நிலைகொண்ட அவருடைய ஸ்டூடியோவில் 2023-ஆம் வருஷத்தில் ஒரு காட்சிசாலையைத் திறந்தார்கள். பழைய படப்பிடிப்புச் சாதனங்களோடு பழைய மோட்டார் வண்டிகளும் அங்கே வரிசையாக நிற்கின்றன.

பழைய வண்டிக்கு முதியவர்களின் பிரியம் என்றால், புதிய வண்டிக்குப் பிள்ளைகளின் பிரியம். சென்ற தை மாதத்தில் ஒரு கல்யாணத்துக்காகக் கானாடுகாத்தான் சென்றிருந்தபோது இதை நேரிலே கண்டோம். நம்மிடம் படிக்கும் பிள்ளைகள் நாலைந்து பேரும் அங்கே வந்திருந்தார்கள். நாதஸ்வரம் ஒலித்துக்கொண்டிருந்த வேளையில், தெருக்கோடியிலிருந்து இடிமுழக்கம் போன்ற ஓர் உறுமல் கேட்டது. பந்தி போட்ட இலையை விட்டுவிட்டு ஒரு பையன் எழுந்தான். "சார், பத்து சிலிண்டர் சத்தம்!" என்று அவன் கூவியபோது வண்டி இன்னும் கண்ணில் படவேயில்லை.

அவன் சொன்னது சரிதான். ஆரஞ்சு வர்ணத்தில் ஒரு லம்போர்கினி ஹுரகான் மெதுவாக ஊர்ந்து வந்தது. அதன் உயரம் நாலடிகூட இல்லை. தெருவிலிருந்த வேகத்தடையருகே வந்ததும், ஓட்டி வந்தவர் வண்டியின் மூக்கைச் சற்றே உயர்த்தி, குறுக்காக ஒவ்வொரு சக்கரமாக ஏற்றி இறக்கினார். மணிக்கு 320 கிலோமீட்டருக்கு மேல் ஓடவல்ல வண்டி, அந்த ஒரு சாண் மேட்டைக் கடக்க எடுத்துக்கொண்ட நேரத்தில் ஒரு மாட்டுவண்டி தெருவையே கடந்திருக்கும்! திண்ணையில் உட்கார்ந்திருந்த ஓர் ஆச்சி இதைப் பார்த்துவிட்டு, "இம்புட்டுத் தாழ இருக்கே, ஏறி இறங்குறவுக இடுப்பு என்னத்துக்கு ஆகும்?" என்றார். பிள்ளைகள் சிரித்தார்கள். ஆனால் ஆச்சியின் கேள்வியில் ஒரு பாடம் இருந்தது. வண்டி ஏன் அத்தனை தாழ்வாக இருக்கவேண்டும்? கனம் தரையை ஒட்டி இருந்தால்தான் வளைவுகளில் கவிழாமல் திரும்பலாம். தாழ்ந்த வண்டியைக் காற்றும் குறைவாகவே தடுக்கும்.

வண்டிக்குரியவர் நல்ல மனிதர். பிள்ளைகள் அவரை நெருங்கி, "அண்ணே, கிட்ட நின்னு பார்க்கலாமா?" என்று கேட்டார்கள். "பாருங்க தம்பி, கை மட்டும் வைக்காதீங்க" என்று சொல்லி, பின்புறத்து மூடியைத் திறந்து யந்திரத்தையும் காட்டினார். அது 5.2 லிட்டர் யந்திரம்; 610 குதிரைச் சக்தி உடையது. நம் வயல்களில் உழும் டிராக்டர் சாதாரணமாக 40 அல்லது 50 குதிரைச் சக்தி உள்ளது. அப்படியானால் ஒரு டஜன் டிராக்டர்களின் பலம் அந்த ஒரு வண்டிக்குள் அடங்கியிருக்கிறது.

மறுநாள் வகுப்பில் அந்த உறுமலையே கணக்காகப் போட்டோம். யந்திரம் நிமிஷத்துக்கு 8,000 முறை சுழல்வதாக வைத்துக்கொள்வோம். இவ்வகை யந்திரத்தில் ஒவ்வொரு சிலிண்டரும் இரண்டு சுற்றுக்கு ஒரு முறை வெடிக்கும். பத்து சிலிண்டருக்குச் சுற்று ஒன்றுக்கு ஐந்து வெடிப்பு, நிமிஷத்துக்கு 40,000, விநாடிக்கு ஏறத்தாழ 667. அத்தனை வெடிப்புகளும் தனித்தனியே காதில் விழாமல் ஒரே சுருதியாகச் சேர்ந்து ஒலிக்கின்றன. வேகம் ஏற ஏறச் சுருதியும் ஏறுகிறது. பந்தியிலிருந்து எழுந்த பையனின் காது, தன்னை அறியாமலே இந்தக் கணக்கைப் போட்டிருக்கிறது! கணக்கென்றால் கடைசி பெஞ்சுக்கு நழுவும் பிள்ளைகள் அன்று முன் பெஞ்சுக்கு வந்து உட்கார்ந்தார்கள்.

"நமக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? வாங்கவா போகிறோம்?" என்று பெற்றோர் சிலர் கேட்பதுண்டு. நியாயமான கேள்விதான். இவ்வண்டிகளின் விலை கோடிக் கணக்கில் போகிறது. வெளிநாட்டில் முழுமையாகச் செய்து இறக்குமதியாகும் உயர்விலைக் கார்களுக்குரிய சுங்க வரியை 2013-ஆம் வருஷத்து வரவு செலவுத் திட்டத்தில் 75 சதவீதத்திலிருந்து 100 சதவீதமாக உயர்த்தினார்கள். நம் ஊர்ப் பக்கம் இவ்வண்டிகள் அபூர்வமாயிருப்பதற்கு அதுவும் ஒரு காரணம். ஒரு குடும்பம் ஆயுள் முழுதும் சம்பாதித்தாலும் வாங்க முடியாத பொருளைப் பிள்ளை ஏக்கத்தோடு பார்ப்பதைக் காண எந்தத் தாய்க்கும் மனம் வருந்தத்தான் செய்யும்.

ஆனால் பார்வையிலே இரண்டு விதம் உண்டு. 'இது எனக்கு எப்போது கிடைக்கும்?' என்று பார்ப்பது ஒன்று. 'இது எப்படி ஓடுகிறது?' என்று பார்ப்பது மற்றொன்று. முதல் பார்வை பொறாமையில் முடியலாம். இரண்டாவது பார்வை எங்கே கொண்டுபோய் விடும் என்று யாராலும் சொல்ல முடியாது.

லம்போர்கினி என்ற பெயரையே எடுத்துக்கொள்வோம். பெருச்சியோ லம்போர்கினி என்பவர் 1916-ஆம் வருஷத்தில் இத்தாலியில் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். நிலத்தைவிட யந்திரங்களிலேயே அவருக்கு மோகம். இரண்டாம் உலக யுத்தம் முடிந்தபின், ராணுவத்தார் கழித்துப்போட்ட வண்டிகளின் பாகங்களைக் கொண்டு உழவர்களுக்கு டிராக்டர் செய்தார். 1948-இல் டிராக்டர்த் தொழிற்சாலை, 1963-இல் கார்த் தொழிற்சாலை என்று வளர்ந்தார். 1966-இல் ஜெனீவாக் கண்காட்சியில் காட்டப்பட்ட அவருடைய 'மியூரா' காரில், பன்னிரண்டு சிலிண்டர் யந்திரம் ஆசனங்களுக்குப் பின்னால் குறுக்காக அமைந்திருந்தது. சூப்பர் கார் என்ற ஜாதிக்கே அதுதான் மூதாதை என்று பலர் கருதுகிறார்கள். உழவர் வீட்டுப் பிள்ளை கண்ட கனவு அது.

இத்தாலிவரை போவானேன்? நம் கொங்கு நாட்டில் 1893-இல் கலங்கல் கிராமத்தில் பிறந்த ஜி.டி. நாயுடுவின் கதையும் ஒரு வண்டியைக் கண்டதிலிருந்துதான் ஆரம்பிக்கிறது. வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் ஏறிவந்த ரட்ஜ் மோட்டார் சைக்கிளைப் பார்த்து அவர் பிரமித்துப் போனார். பள்ளிப் படிப்பில் நாட்டமில்லாத அவர், கோயமுத்தூரில் ஓட்டல் வேலை செய்து பணம் சேர்த்து, அந்த வண்டியையே 300 ரூபாய்க்கு வாங்கினார் என்பார்கள். வாங்கியதும் ஊர்கோலம் போனாரா? இல்லை, அக்கக்காகக் கழற்றிப் பார்த்துத் திரும்பப் பூட்டினார். 1920-இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே பஸ் விட்டார். 1937-இல் கோவையில் மின்சார மோட்டார் உற்பத்தி தொடங்கியதிலும் அவருக்குப் பங்கு உண்டு. கோவையில் 2015-ஆம் வருஷம் முதல் அவர் பெயர் விளங்கும் கார்க் காட்சிசாலை ஒன்று இருக்கிறது. கோடை விடுமுறையில் பிள்ளைகளை அழைத்துச் செல்ல ஏற்ற இடம்.

உற்சாகத்துக்கு ஓர் எல்லையும் வேண்டும். அபூர்வ வண்டி நெடுஞ்சாலையில் போவதைக் கண்டுவிட்டால், ஒரு கையில் செல்பேசியும் மறு கையில் மோட்டார் சைக்கிளுமாகத் துரத்திச் செல்லும் இளைஞர்கள் உண்டு. திருச்சி – இராமேசுவரம் சாலையில் அத்தகைய துரத்தலை நாமே பார்த்து நெஞ்சம் பதைத்திருக்கிறோம். முன்னே போகும் வண்டியின் நிறுத்துதடை வேறு, இவர்களுடையது வேறு. அது நிற்கும் தூரத்தில் இவர்களால் நிற்க முடியாது. ஒரு படத்துக்காக ஓர் உயிரைப் பணயம் வைக்கலாகாது. நின்ற வண்டியை, உரியவரிடம் அனுமதி கேட்டுப் பார்ப்பதே ரசிகனுக்கு அழகு.

இனி ஒரு சந்தோஷமான செய்தி. 2019-ஆம் வருஷத்து ஜெனீவாக் கண்காட்சியில் 'பட்டிஸ்டா' என்ற கார் முதன்முதலாகக் காட்டப்பட்டது. 150-க்கு மேல் செய்வதில்லை என்ற தீர்மானத்தோடு பிறந்தது அது. 1,900 குதிரைச் சக்தி கொண்டது. நின்ற இடத்திலிருந்து மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தை 2 விநாடிக்குள் எட்டுவது. இத்தாலியில் கையால் பூட்டப்படும் இந்த வண்டியைத் தயாரிக்கும் கம்பெனியை 2018-இல் தோற்றுவித்தது நம் தேசத்து மகிந்திரா நிறுவனம்! அந்த வண்டியில் சிலிண்டர் ஒன்றுகூட இல்லை. சக்கரத்துக்கு ஒன்றாக நான்கு மின்சார மோட்டார்களும் ஒரு பெரிய லிதியம் அயனி மின்கலமும்தான் உண்டு.

மின்கலம் என்றதும் காரைக்குடிக்காரர்கள் நிமிர்ந்து உட்காரலாம். டாக்டர் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுக்க முன்வந்ததன் பயனாகக் காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் எழுந்தது. 1948 ஜூலை 25-இல் ஜவாஹர்லால் நேரு அதற்கு அடிக்கல் நாட்டினார். 1953 ஜனவரி 14-இல், பொங்கல் சமயத்தில், டாக்டர் ராதாகிருஷ்ணன் திறந்து வைத்தார். ரசாயன சக்தியை மின்சாரமாகவும் மின்சாரத்தை ரசாயன சக்தியாகவும் மாற்றும் வித்தையே அங்கு நடக்கும் ஆராய்ச்சிக்கு அடிப்படை. அங்கு உருவான லிதியம் அயனி மின்கலத் தொழில்நுட்பத்தை உற்பத்திக்காக ஒரு கம்பெனிக்கு அளிக்கும் ஒப்பந்தம் 2018-இல் கையெழுத்தாயிற்று.

யோசித்துப் பாருங்கள். இத்தாலிய வண்டியைக் காண ஓடும் நம் பிள்ளைகள், நாளைய வண்டிகளின் இருதயத்தை ஆராயும் கட்டடத்தைத் தினந்தோறும் பஸ்ஸில் கடந்து போகிறார்கள். அங்கே உறுமல் இல்லை, ஆரஞ்சு வர்ணம் இல்லை. ஆகையால் எவரும் திரும்பிப் பார்ப்பதில்லை. திரும்பிப் பார்க்கச் செய்யவேண்டியது பெற்றோரும் ஆசிரியருமாகிய நம் கடமை.

எனவே, உங்கள் வீட்டுப் பிள்ளை, "அப்பா, இன்றைக்கு ஒரு கார் பார்த்தேன்!" என்று மூச்சு வாங்க ஓடிவந்தால், "போய்ப் பாடத்தைப் படி" என்று விரட்டிவிடாதீர்கள். அது எதனால் ஓடுகிறது என்று கேளுங்கள். பதில் தெரியாவிட்டால், இருவருமாகத் தேடிக் கண்டுபிடியுங்கள். பாடம் அப்போதே ஆரம்பமாகிவிட்டது.