பட்டம் உண்டு, பணியிடம் உண்டா?

திருக்கழுக்குன்றம் சங்கு தீர்த்தக் குளக்கரையில் மாலை நடையின்போது பழக்கமானவர் ஒருவர். சிறிய மளிகைக் கடை வைத்திருக்கிறார். அவருடைய மகள் இயன்முறை மருத்துவத்தில் பட்டம் பெற்று, செங்கல்பட்டில் தனியார் மருத்துவமனை ஒன்றில் பணியாற்றுகிறார். சென்ற மாதம் இருவரும் என் வீட்டுக்கு வந்தனர். "சார், பொண்ணு எம்.பி.எச். படிக்கணும்னு சொல்லுது. ரெண்டு வருஷம். வீட்டுப் பத்திரத்தை வச்சுத்தான் பணம் புரட்டணும். சேர்த்து விடலாமா?" என்று கேட்டார்.

பொருளாதாரம் கற்பித்தவரிடம் மக்கள் பொதுவாகக் கேட்பது தங்கம் விலை குறையுமா என்பதைத்தான். அதற்கு எங்களிடம் விடை இருப்பதில்லை. இந்தக் கேள்விக்கு ஓரளவு விடை உண்டு.

எம்.பி.எச். என்பது பொதுச் சுகாதாரத்தில் முதுநிலைப் பட்டம். மருத்துவர்கள் மட்டுமன்றி, பல் மருத்துவர், செவிலியர், இயன்முறை மருத்துவர் எனப் பலரும் சேரலாம். சில நிறுவனங்கள் சமூக அறிவியல் பட்டதாரிகளையும் சேர்த்துக்கொள்கின்றன. நோய்ப்பரவலியல், உயிரிப் புள்ளியியல், சுகாதாரப் பொருளியல், சுகாதார மேலாண்மை ஆகியவை முதன்மைப் பாடங்கள். இவற்றுடன் களப்பயிற்சியும் ஆய்வேடும் உண்டு. திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனம் 1997-இல் இப்படிப்பைத் தொடங்கியது. சென்னையிலுள்ள தேசிய நோய்ப்பரவலியல் நிறுவனம் 2001-இல் பயன்பாட்டு நோய்ப்பரவலியலில் முதுநிலைப் படிப்பைத் தொடங்கியது. பின்னர் தனியார் பல்கலைக்கழகங்கள் பலவும் இத்துறைக்கு வந்துவிட்டன.

கை கால்களுக்குப் பயிற்சி தரும் பெண்ணுக்குப் புள்ளியியல் எதற்கு என்பது தந்தையின் ஐயம். நியாயமான ஐயம்தான்.

செங்கல்பட்டை ஒட்டிய திருமணியில் மத்திய அரசின் தொழுநோய்க் கற்பித்தல், ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. அதற்கு முன் அங்கிருந்தது லேடி வெலிங்டன் தொழுநோய் மருத்துவமனை. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் அறுவை மருத்துவர் பால் பிராண்ட், 1940-களில் செங்கல்பட்டுக்கு வந்தபோது நோயாளிகளின் மடங்கிப்போன விரல்களைக் கண்டார். அக்கைகளைச் சீரமைக்கும் அறுவை முறைகளை அவர் பின்னர் உருவாக்கினார். அறுவைக்குப் பின் விரல்களை மீண்டும் இயங்கப் பழக்குவது இயன்முறை மருத்துவரின் வேலை. அந்தப் பெண் கற்றிருப்பது இதைத்தான். ஆனால், நரம்பு பாதிக்கப்பட்டு விரல் மடங்கும்வரை நோயாளி ஏன் வரவில்லை, எந்த ஊர்களிலிருந்து தாமதமாக வருகிறார்கள், பெண்கள் ஏன் மேலும் தாமதிக்கிறார்கள் என்று கேட்பது வேறொரு கல்வி. முன்னதற்கு ஒரு கை போதும். பின்னதற்கு ஒரு மாவட்டம் வேண்டும்.

இந்தக் கல்வியின் வலிமைக்குச் சான்று தேடி நாம் வெளிநாடு செல்ல வேண்டியதில்லை. 1956-இல் சென்னையில் தொடங்கப்பட்ட காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் எளிய கேள்வி ஒன்றைக் கேட்டது: காசநோயாளியைச் சானடோரியத்தில்தான் வைக்க வேண்டுமா, வீட்டிலேயே மருந்து கொடுத்தால் போதாதா? 193 நோயாளிகளைத் தற்செயல் முறையில் இரு பிரிவாக்கினர். மருந்து ஒன்றே. ஒரு பிரிவினருக்குச் சானடோரியத்தின் ஓய்வும் நல்ல உணவும் கிடைத்தன. மற்றவர்கள் நெரிசலான வீடுகளில், அரைகுறை உணவோடு மருந்தை உட்கொண்டனர். ஓராண்டு முடிவில் இரு பிரிவினரின் குணத்திலும் பெரிய வேறுபாடில்லை. வீட்டிலிருந்தோருக்கும் கூடுதலாக நோய் தொற்றவில்லை. 1959-இல் வெளியான இம்முடிவு உலகெங்கும் காசநோய்ச் சிகிச்சையின் போக்கை மாற்றியது. எத்தனை ஏழை நாடுகளுக்கு எத்தனை படுக்கைகளின் செலவு மிச்சமாகியிருக்கும்! சுகாதாரப் பொருளியல் வகுப்பில் நான் முதலில் சொல்வது இதைத்தான்.

இரண்டாவது சான்று கசப்பானது. 1968-இல், அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தின் திருவள்ளூர்ப் பகுதியில், பி.சி.ஜி. தடுப்பூசி குறித்த மிகப் பெரிய ஆய்வு தொடங்கியது. இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்டோர் பங்கேற்றனர். பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயைத் தடுப்பூசி தடுக்கவில்லை என்று 1979-இல் முதல் முடிவு வெளியானது. பதினைந்து ஆண்டுத் தொடர் கண்காணிப்பின் முடிவும், 1999-இல் வெளியானபோது, அதையே உறுதிசெய்தது. குழந்தைகளுக்கு வரும் மூளைக்காய்ச்சல் போன்ற கொடிய வகைக் காசநோயிலிருந்து பாதுகாப்பதால் பி.சி.ஜி. இன்றும் போடப்படுகிறது. எல்லோரும் விரும்பிய விடைக்கு எதிரான விடையை மறைக்காமல் வெளியிடுவதற்கும், அதைச் சரியாகப் புரிந்துகொள்வதற்கும் பயிற்சி தேவை. எம்.பி.எச். பாடத்திட்டத்தின் கடினமான தாள்கள் தருவது அந்தப் பயிற்சியைத்தான்.

தர வேண்டும் என்று சொல்வதே பொருத்தம். ஓய்வுக்குப் பின் கல்வி நிறுவனம் ஒன்று தன் மாணவர்களின் ஆறு ஆய்வேடுகளை மதிப்பிட என்னிடம் தந்தது. நான்கில் வினாப்பட்டியல் ஒன்றே. ஊர்ப்பெயர் மட்டும் வேறு. ஒன்றில் அந்த ஊர்ப்பெயரும் இரு பக்கங்களில் மாற்றப்படாமல் இருந்தது. யாரும் களத்துக்குப் போகவில்லை என்பதை அறிய முனைவர் பட்டம் தேவையில்லை. அதன் பிறகு அங்கிருந்து எனக்கு ஆய்வேடுகள் வரவில்லை.

கல்வி திறனை வளர்ப்பதால் ஊதியம் உயர்கிறது என்றார் பொருளியலறிஞர் கேரி பெக்கர். இல்லை, பட்டம் என்பது வேலை தருபவருக்குக் காட்டும் அடையாளச் சீட்டு என்றார் மைக்கேல் ஸ்பென்ஸ். இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. களப்பயிற்சி இல்லாத எம்.பி.எச். பெக்கரின் தேர்வில் தோற்கும். வேலை தருபவர் அடையாளம் கண்டுகொள்ளாத பட்டம் ஸ்பென்ஸின் தேர்விலும் தோற்கும்.

தமிழ்நாட்டின் நிலை இந்த இடத்தில் விந்தையானது. இந்தியாவிலேயே பொதுச் சுகாதாரத்துக்குத் தனி இயக்குநரகமும் தனிப் பணித்தொகுதியும் கொண்டு முன்னோடியாக விளங்குவது நம் மாநிலம். 1939-ஆம் ஆண்டின் சென்னைப் பொதுச் சுகாதாரச் சட்டம் இன்றும் அதன் முதுகெலும்பு. சுகாதார அலுவலராகும் மருத்துவர் பொதுச் சுகாதாரத்தில் பட்டயமோ மேற்பட்டமோ பெற வேண்டும். அப்படிப்புக்கு ஒரு நாற்காலி காத்திருக்கிறது. ஆனால், அந்த நாற்காலி மருத்துவருக்கு மட்டுமே. எம்.பி.எச். முடித்த செவிலியருக்கும் இயன்முறை மருத்துவருக்கும் அரசுத் துறையில் அப்படியொரு நிலையான படிநிலை இல்லை. திட்டம் சார்ந்த ஒப்பந்தப் பணி, தொண்டு நிறுவனம், ஆய்வுத் திட்டம் என்பவைதான் அவர்களுக்கான வழிகள்.

2017-ஆம் ஆண்டின் தேசிய சுகாதாரக் கொள்கை, எல்லா மாநிலங்களிலும் பொதுச் சுகாதார மேலாண்மைப் பணித்தொகுதியை உருவாக்கப் பரிந்துரைத்தது. செவிலியம், சமூகவியல், பொருளியல் போன்ற துறைகளிலிருந்து வந்து பயிற்சி பெற்றோரையும் அதில் சேர்க்கலாம் என்றது. (பொருளியலையும் சேர்த்ததில் எனக்குத் தனி மகிழ்ச்சி.) 2021-ஆம் ஆண்டின் துணைநிலை மற்றும் நலவாழ்வுத் தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டம் இயன்முறை மருத்துவம் உள்ளிட்ட தொழில்களுக்குச் சட்ட அங்கீகாரமும் பதிவேடும் தந்தது. அங்கீகாரம் பணியிடமாகாது. முன்னோடி மாநிலமான நாம்தான் மருத்துவரல்லாதோருக்கும் அந்த வாசலை முதலில் திறந்திருக்க வேண்டும். மாவட்ட அளவில் தரவுகளை ஆராய ஒருவர், திட்டச் செலவை மதிப்பிட ஒருவர் என்று சில பணியிடங்களை உருவாக்கினாலே தொடக்கமாகும். அதுவரை இடர்ப்பாடு முழுவதையும் சுமப்பது குடும்பங்கள்தான்.

மளிகைக் கடைக்காரருக்குக் காகிதத்தில் கணக்குப் போட்டுக் காட்டினேன். கட்டணம் 3 லட்சம் ரூபாய் என்பது மட்டுமே அவர் மனத்தில் இருந்தது. மகளின் இப்போதைய சம்பளம் மாதம் 18,000 ரூபாய். இரண்டாண்டு அதை இழப்பது 4,32,000 ரூபாய். ஆக, வட்டி நீங்கலாகவே 7,32,000 ரூபாய். படித்த பின் சம்பளம் 5,000 ரூபாய் கூடினால் முதலை மீட்கப் பன்னிரண்டு ஆண்டுகள் ஆகும். 15,000 ரூபாய் கூடினால் நான்கே ஆண்டுகள். எது நடக்கும் என்பதைப் பட்டத்தின் பெயர் சொல்லாது.

அந்தப் பெண் நான் சொன்னதை அமைதியாகக் கேட்டுக்கொண்டார். பிறகு, "ஐயா, நான் சம்பளத்துக்காக மட்டும் கேக்கல. வர்ற பேஷண்ட் எல்லாம் ஏன் இவ்வளவு லேட்டா வர்றாங்கன்னு எனக்குத் தெரியணும்" என்றார். கல்லூரிக்குக் கடிதம் எழுதச் சொன்னேன். களப்பயிற்சி எத்தனை வாரம், ஆய்வேட்டை வழிநடத்துபவர் யார், கடந்த இரண்டு ஆண்டுகளில் முடித்தவர்கள் இப்போது எங்கே பணியாற்றுகிறார்கள் என்று மூன்றே கேள்விகள். தேசிய நோய்ப்பரவலியல் நிறுவனத்தின் சேர்க்கை விதிகளையும் பார்க்கச் சொன்னேன்.

கல்லூரியிலிருந்து வண்ணக் கையேடு ஒன்று வந்திருக்கிறது. மூன்று கேள்விகளில் ஒன்றுக்கும் அதில் பதில் இல்லை. வீட்டுப் பத்திரம் இப்போதைக்கு பீரோவில்தான் இருக்கிறது.