தேடினால் ஏன் நம் கடை வருவதில்லை?

மதுரையில் சுங்குடிச் சேலை விற்கும் ஒரு சிறு கடை இன்ஸ்டாகிராமில் தினமும் படம் போடுகிறது என்று வையுங்கள். படமெல்லாம் அழகுதான். ஆனால் 'மதுரை சுங்குடி சேலை' என்று தேடுபவர் கண்ணில் கடை படுவதே இல்லை. விளம்பரத்துக்குப் பணம் கட்டாததுதான் காரணமா?

இல்லை. தேடல் பெரும்பாலும் எழுத்தைப் பிடித்துத்தான் நடக்கிறது. புத்தகத்தின் கடைசியில் வரும் சொல்லடைவு போல, எந்தச் சொல் எங்கே இருக்கிறது என்று கணினி முன்கூட்டியே அட்டவணை போட்டு வைத்திருக்கும். 2021இல் இன்ஸ்டாகிராமே இதை விளக்கியது: கணக்கின் பெயர், அறிமுகக் குறிப்பு, படத்தின் கீழ் எழுதும் வரிகள், ஹேஷ்டேக், இடம் ஆகியவற்றோடு தேடும் சொல் பொருந்துகிறதா என்பதே முக்கியம். தேடுபவரின் பழைய விருப்பங்கள், கணக்குக்குக் கிடைத்த கிளிக், லைக், பகிர்வு எல்லாம் அதற்கு அடுத்துத்தான்.

நம் கடைக்காரர் என்ன எழுதுகிறார்? "புது வரவு! விலைக்கு இன்பாக்ஸ் வாங்க." கூடவே நாலு இதயம். சேலை என்ற சொல்லே இல்லையே! கடைப் பெயரும் ஏதோ 'கிரியேஷன்ஸ்'. "மதுரை சுங்குடி, காட்டன் சேலை, கையால் முடிச்சுப் போட்டுச் சாயமேற்றியது" என்று எழுதியிருந்தால் கணினிக்குப் பிடி கிடைத்திருக்கும்.

கூகுள் மேப் வேறு ரகம். கடைகளை வரிசைப்படுத்தப் பொருத்தம், தூரம், பிரபலம் மூன்றையும் பார்க்கும். பணம் கொடுத்து அந்த வரிசையில் முந்த முடியாது என்று கூகுளே சொல்கிறது.

இன்றைக்கே உங்கள் இன்ஸ்டாகிராம் கணக்கின் பெயரில் விற்கும் பொருளையும் ஊரையும் சேர்த்துவிடுங்கள். தமிழில் ஒரு தரம், ஆங்கில எழுத்தில் ஒரு தரம். வாடிக்கையாளர் இரண்டிலும் தேடுகிறார்.